கோச்சுக்குக் காது இல்லை

"கோச்சுக்குக் கண் இருக்கு, காது இல்லை."

லோரன்ஸ் வீதிப் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த கிழவர் சொன்னார். அவர் கையிலிருந்த போனில் கல்லூரி ஃபுட்போல் ஓடிக்கொண்டிருந்தது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்.

"இந்தப் பெடியன் வலப்பக்கம் வெட்டித் திரும்ப முதல் இடக்காலை ஊண்டி மிதிப்பான். அப்பிடி வெட்டினா ஆரும் பிடிக்கேலாது. அந்த விசர்க் கோச் நடுவாலை ஓடவிட்டு அடி வாங்க வைக்கிறான்."

பக்கத்திலிருந்தவர் கேட்டார். "உங்கட மகனோ, அண்ணை?"

"இல்லை. நான் பேஸ்மென்ற்றில தனிய இருக்கிறன். இவன் மேல்வீட்டுப் பெடியன். சின்னனில என்ர தலைக்கு மேலதான் ஓடித் திரிஞ்சவன்."

"இப்ப?"

"அவை வீடு மாறி ஒஷாவாவுக்குப் போட்டினம். மேல ஒரு சத்தமும் இல்லை."

"ஒருக்கா மைதானத்துக்குப் போய்ப் பாக்கலாமே?"

"போய் என்னெண்டு சொல்ல? கீழையிருந்து கூட்டுற தும்புத்தடியால முகட்டில இடிச்சு, ஓடாதையடா எண்டு கத்தினவன் நான்தான் எண்டோ?"

மற்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவரை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு.

கிழவர் அந்த ஓட்டத்தைத் திரும்பப் போட்டார். இந்தமுறை பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டார்.