வலது கைப்பக்கம் மலை

வேங்கிக்காலில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு பெண்கள் டவுன் பஸ்ஸில் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் வாயைத் திறந்ததுமே நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“மலைய சுத்தறேன்னு போயி, ஒரு பாறைய சுத்திட்டு வந்தோம்டி.”

“என்னக்கா சொல்றீங்க?”

“மலையடிவாரக் காட்டு வழியா போற கிரிவல உள்பாதையில, வழி காட்ட கல்லுக்குக் கல்லு அம்பு போட்டிருக்கும். எங்க வீட்டுக்காரரு மயில போட்டோ எடுக்கறேன்னு பாதைய விட்டுக் காட்டுக்குள்ள பூந்துட்டாரு. நானும் பின்னாடியே போனேன். அப்புறம் பாதையக் காணோம்.”

“ஐயோ!”

“‘கிரிவலத்துல மலை எப்பவும் வலது கைப்பக்கம்தானே, அத விடாம நடந்தா போதும்’னாரு. வலது பக்கம் புதருக்கு மேல பெருசா ஒண்ணு தெரிஞ்சுது. அத ஒட்டியே நடந்தோம். வெறுங்கால்ல முள்ளு ஜாஸ்தி, பாட்டில்ல தண்ணி கம்மி. கடைசில பார்த்தா, கிளம்பின மரத்துக்கே வந்து நிக்கறோம்.”

“அப்பவாவது புரிஞ்சுதா?”

“எங்க? மறுபடியும் சுத்தினோம். திரும்பிப் பார்த்தா, வெளியூர்க்காரங்க நாலஞ்சு பேரு பாதையில இருந்து வந்து, செருப்ப ஓரமா கழட்டி வச்சுட்டு, கும்பிட்டபடி எங்க பின்னாடியே வர்றாங்க.”

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. போகட்டும்.

“அவங்ககிட்ட வழி கேட்டீங்களா?”

“அவ்ளோ பக்தியா வர்றவங்ககிட்ட, வழி தெரியாம சுத்தறோம்னு எப்படிடி சொல்றது? இன்னொரு சுத்து சேர்ந்தே சுத்தினோம். அவங்க கிளம்பினதும், கமுக்கமா அவங்க பின்னாடியே பாதைக்கு வந்துட்டோம்.”