திருவோணத்துக்குள்

“திருவோணம்தான் மாமி. சாயங்காலம் வரைக்கும் இருக்கு.”

“யார் சொன்னா? காலம்பறயே முடிஞ்சு அவிட்டம்—”

“எங்க பஞ்சாங்கத்துல தெளிவாப் போட்டிருக்கே—”

“உங்க பஞ்சாங்கத்தை லால்குடியில கொண்டுபோய் வெச்சுக்கோ. இது எங்காம். எங்களுக்கு வாக்கியம்தான். மாமா போனது உச்சிவேளை. அவிட்டம் பொறந்து ரெண்டு மணி ஆச்சு.”

“ரெண்டு மணி வித்தியாசத்துக்குப் போய் ஆறு மாசம் பூட்டுவாளா யாராவது?”

“ரெண்டு நிமிஷமானாலும் அவிட்டம் அவிட்டம்தான். நீ எதுக்குடீ இப்படி அடிச்சுக்கறே? போனது உன் தோப்பனாரா?”

உங்கள் அப்பாவை அப்போது இன்னும் எடுக்கவில்லை. கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தது. அந்தத் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் வீட்டுக்கார ரங்கநாயகி மாமியும் நானும் இப்படி வாதாடினோம். தப்புதான். சாவு விழுந்த இடத்தில் குரலை உயர்த்துவது எனக்கும் பிடிக்காது.

உட்காருங்கள், யதிராஜன். அந்த ஜன்னல் பக்கம் கொள்ளிடத்துக் காற்று நன்றாக வரும். பர்மாவிலிருந்து நடந்து வந்த கால், நீட்டிக்கொள்ளுங்கள். என் எதிரில் மரியாதை பார்க்க வேண்டாம். கடைசி நேரத்தில் அப்பாவின் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டீர்கள். நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை. எப்படிப் போனார் என்றும் கேட்டீர்கள். இத்தனை மாசத்தில் இந்த வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வீடு. அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

போன சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியானது உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் அப்போது எந்தக் காட்டில் இருந்தீர்களோ. அந்தச் சனமெல்லாம் ஸ்ரீரங்கத்திலேயே வந்து இறங்கின மாதிரி இருந்தது. ரேழியைத் தட்டியால் மறைத்து ஒரு குடும்பம், மாடிப்படிக்கு அடியில் ஒரு குடும்பம். வாடகை கேட்டால் வாய் உலர்ந்துபோகும். மாமி தன் மாடுகளை விற்றுவிட்டுக் கொட்டிலை மெழுகித் திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு விட்டாள். “மாட்டுக்காவது கொசு ஓட்ட வால் இருந்துது, எங்களுக்கு அதுவும் இல்லே” என்று அந்த வீட்டுப் பெண் சொல்லிச் சிரிப்பாள்.

எங்களுக்கு லால்குடி. என் வீட்டுக்காரருக்குத் திருச்சி கோட்டையில் குமாஸ்தா உத்தியோகம். பட்டாளத்து ரயிலுக்கெல்லாம் வழிவிட்ட பிறகுதான் எங்கள் வண்டி நகரும். பாதி நாள் ஆபீஸ் பெஞ்சியிலேயே படுத்துக்கொள்வார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் பெண் பூமா எட்டாவது முடித்துவிட்டாள். அதற்கு மேல் பெண் குழந்தைகள் படிக்க எங்கள் ஊரில் வழியில்லை. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அதன் மாட்டுவண்டி தினம் காவிரிப் பாலம் தாண்டி வந்து, இந்த உத்தர வீதி முனையில் நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். முனையில் வண்டிக்காரன் மாட்டை அதட்டினால் இங்கே கேட்கும். ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மாமி தூரத்து உறவு. அந்த முறையில் பின்கட்டு நெல்லறையைக் கொடுத்தாள். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பூமாவின் முகம் எனக்குத் தெரியாது. அதுவும் வைகாசி முடிகிற வரைக்கும்தான். ஆனி பிறந்தால் மாமியின் தம்பி குடும்பம் அங்கே வருகிறது. முன்கட்டில் குடக்கூலிக்கு உங்கள் அப்பா. கூடம், அறை, சமையலுள், கிணற்றடிக்குத் தனி வழி. இவ்வளவும் ஒரு ஆளுக்கு. குறையாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

நான் அவரிடமே கேட்டேன்.

“மாமா, அந்த அறையை மட்டும் எங்களுக்கு விட்டுக்கொடுங்கோளேன்.”

“யதிராஜன் வருவானேம்மா. ஆத்துக்காரி, ரெண்டு குழந்தைகள். கப்பல் இல்லே, எல்லாரும் நடந்து வரான்னு பேப்பர்ல போடறான். அவ்வளவு தூரம் நடந்து வந்தவனை வாசல்ல நிறுத்தி இடமில்லேன்னு சொல்லச் சொல்றயா?”

“அவர் வந்த அன்னிக்கே நாங்க காலி பண்ணிடறோம் மாமா.”

“பண்ணுவே, பண்ணுவே. இந்த ஊர்ல இன்னிக்குச் சொன்ன வார்த்தைக்குக் காலி பண்றவா நீ ஒருத்திதான்.”

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை. நான் காலி பண்ணியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவருக்கும் சேர்த்துத் தளிகை பண்ணினேன். வேட்டி துவைத்தேன். அவர் கால் வீங்கிக்கொண்டே வந்தது. மூச்சு வாங்கும். படுத்தால் மூச்சு நின்றுவிடும், சாய்ந்தபடியே இருக்கட்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பெரிய திண்டு ஒன்றும், அதன் மேல் தலையணைகளுமாக அண்டக்கொடுத்து, இரவும் பகலும் உட்கார்ந்தபடியேதான் இருந்தார். சாயங்காலத்தில் பூமா அவருக்குப் பேப்பர் படிப்பாள். “பர்மாவுல அக்யாப் எங்கேடீ இருக்கு, காட்டு” என்பார். பள்ளிக்கூட அட்லாஸை அவர் மடியில் விரித்து இரண்டு பேருமாக உங்களைத் தேடுவார்கள். ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். பூமாவின் விரல்தான் உங்களை மலை தாண்டவைத்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

மாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கிணற்றடியில் சொன்னாள்.

“வைதேஹி, மாமாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா முன்கட்டு உனக்குத்தான். நீதானே பாத்துக்கறே. ஆனா நீ இங்கே இருக்கறச்சேயே நடக்கணும். நீ லால்குடி போயிட்டேன்னா கொட்டில்காரா பிடுங்கிண்டுடுவா. என்னால மல்லுக்கு நிக்க முடியாது.”

“என்ன பேச்சு மாமி இது” என்றேன். அப்படித்தானே சொல்ல வேண்டும்.

வைகாசி முடிகிற சமயம் அவருக்கு முடியாமல் போயிற்று. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு வாசலில் வந்து சொன்னார்: “இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு மூணு நாள் தாங்கும். பாத்துக்கோங்கோ.”

அன்றைக்குத் திருவோணம். மறுநாள் அவிட்டம். அவிட்டத்திலிருந்து ரேவதி வரை ஐந்து நட்சத்திரம். இதில் ஒருவர் போனால் அந்த இடத்தை ஆறு மாசம் பூட்டிவிட வேண்டும், விளக்குக்கூட ஏற்றக் கூடாது. அடைப்பு என்போம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ரங்கூனில் மறந்திருந்தால் ஞாபகத்துக்குச் சொல்கிறேன். முன்பெல்லாம் இப்படிப்பட்ட நாளில் உயிர் இழுத்துக்கொண்டிருந்தால், வீட்டுக்கு அடைப்பு வேண்டாமென்று மாட்டுக்கொட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கொட்டிலில்தான் திருவல்லிக்கேணிக் குடும்பம் இருந்ததே. அவர்களை எங்கே போகச் சொல்வது?

ஆக, வைத்தியர் கொடுத்த இரண்டு மூன்று நாளும் ஆகாத நாள். ஆறு மாசம் என்றால் கார்த்திகை கடந்துவிடும். ஆனியில் திறக்கிற பள்ளிக்கூடம் எனக்காகக் காத்திருக்குமா? நீங்களே யோசித்துப் பாருங்கள். போகப்போகிறவர், இன்று போனால் ஒரு குடும்பத்துக்கு விடிகிறது. நாளைக்குப் போனால் யாருக்கும் ஒன்றுமில்லை. நான் வேறு விதமாகவும் யோசித்துப் பார்த்தேன். வேறு விதம் அகப்படவில்லை.

மாமி பெரிய சன்னதிக்குப் போயிருந்தாள். கொட்டில்காரர்கள் காவிரிக்கு. தாயார் சன்னதியில் சேவித்துவிட்டு வா என்று பூமாவை அனுப்பினேன். “மாமாவுக்குப் பேப்பர் வந்திருக்கேம்மா” என்றாள். வந்து படிக்கலாம் என்றேன்.

அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். 

“வாசல்ல யாரோ கூப்பிடறாப்பல இருக்கே.”

“யாரும் இல்லே மாமா.”

தலையணைகளை எடுத்தேன். பிறகு திண்டை.

“என்னம்மா பண்றே?”

“உறை மாத்தறேன் மாமா. செத்தே படுத்துக்கோங்கோ.”

படுக்கவைத்தேன். சற்று நேரத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். அழுத்தவில்லை. எண்ணெய் தேய்க்கும்போது குழந்தையைப் பிடித்துக்கொள்வோமே, அந்த அளவுதான். கையில் பலமே இல்லை அவருக்கு. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். காதோடு நாராயண நாமம் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. பெற்ற பிள்ளை பக்கத்தில் இருந்தாலும் அவ்வளவு விடாமல் சொல்லியிருப்பானா என்று தெரியாது. அடங்கின பிறகு வாயில் தீர்த்தம் விட்டேன். உள்ளே போகவில்லை, வழிந்தது. துடைத்தேன். திண்டை வைத்துப் பழையபடி சாய்த்து, புதிய உறையும் போட்டேன். மாற்றுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

பெருமாளுடைய திருநட்சத்திரம். அந்த நாளில் போக எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது? அவருக்கு நான் கெடுதல் பண்ணினதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் மாமி வந்தாள். பஞ்சாங்கத்தை எடுத்தாள். நாங்கள் பேசிக்கொண்டதைத்தான் முதலிலேயே சொன்னேனே.

நான் பார்த்தது என் மாமனார் வீட்டு வழக்கப்படி திருக்கணிதப் பஞ்சாங்கம். அதில் சாயங்காலம் வரை திருவோணம். மாமி பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம். அதில் காலையிலேயே முடிந்துவிட்டது. இரண்டுக்கும் சில நாழிகை முன்பின் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை. எங்களுக்கு இன்றைக்கு ஏகாதசி என்றால் மாமிக்கு நாளைக்கு என்று அந்த வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். நான் பட்டினி கிடக்கும்போது மாமி சாத்தமுது கரைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். இருந்தும் அன்றைக்குப் புத்தியில் படவில்லை. வீடு யாருடையதோ, நட்சத்திரமும் அவர்களுடையதுதான். குடக்கூலிக்கு வருகிறவளுக்குத் தனியாக ஒரு நட்சத்திரம் உண்டா?

முன்கட்டைப் பூட்டினார்கள். ஆனி பிறந்தது. நாங்கள் லால்குடிக்குப் போனோம். படிப்பும் இல்லாமல் பெண்ணை எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று என் மாமியார் ஆரம்பித்தாள். ஆவணியில் பூமாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு ஜாம்ஷெட்பூரில் இரும்பாலையில் வேலை. ரயிலேறும்போது ஜன்னல் வழியாக ஒன்று சொன்னாள்: “அன்னிக்கு நான் சன்னதிக்குப் போகாம இருந்திருக்கலாம்மா. மாமா அந்தப் பேப்பரைக் கேக்காமலே போயிட்டார்.” அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அதற்கப்புறம் அவள் வரவில்லை.

மார்கழியில் பூட்டைத் திறந்தார்கள். மாமி சொன்ன சொல் மாறவில்லை. ஆளனுப்பி, வீடு தயார் என்றாள். வந்துவிட்டோம். பட்டணத்துக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். தையில் என் வீட்டுக்காரரை விழுப்புரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நானும் வரட்டுமா என்றேன். “அங்கே வீடு எங்கே இருக்கு? இதை விட்டுடாதே, விட்டா அப்புறம் கிடைக்காது” என்றார். விடவில்லை. மாமிக்கு இப்போது காது மந்தம். பின்கட்டிலிருந்து வருவதில்லை. கூடம், அறை, சமையலுள், கிணற்றடிக்குத் தனி வழி. இவ்வளவும் ஒரு ஆளுக்கு. காலையில் பள்ளிக்கூட வண்டி வந்து நிற்கும். பெண்கள் ஏறுகிற சத்தம் கேட்கும். போய்விடும். அதற்குமேல் சாயங்காலம் வரை ஒரு சத்தமும் இருக்காது.

உங்கள் அப்பாவுக்கு அந்த இரண்டு மூன்று நாள் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். கொலை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. போலீஸில் சொல்ல வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், இதையே அங்கேயும் சொல்கிறேன்.

நீங்கள் தனியாக வந்திருக்கிறீர்கள். அவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை. சிட்டகாங் ஆஸ்பத்திரியில் பேர்கூடச் சொல்லத் தெரியாமல் கிடந்தேன் என்றீர்கள். இருக்கலாம். இருந்தாலும் ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. அப்போதே நீங்கள் குடும்பத்தோடு வந்து நின்றிருந்தால், வீடு நிறைந்திருக்கும். நானும் ஆசையை விட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பேன். கேட்கக் கூடாதுதான். கேட்டுவிடுகிறேன்:

“வைகாசிக்குள்ளே வந்திருக்கப்படாதோ நீங்க? வந்திருந்தேள்னா நான் ஏன் இதெல்லாம் பண்ணப்போறேன்?”