நூற்றுப் பதினேழாம் பக்கம்

— தப்பா நினைக்காதீங்க டீச்சர், அந்தப் பையைக் கொஞ்சம் கவுத்துக் காட்டுங்க.

— எதுக்கு? நானும் ஒரு வாரமா இந்த ரெக்கார்டு ரூமுக்கு வந்து தூசி தின்னுட்டுப் போறேன். ஒரு நாளாவது பையைக் கேட்டீங்களா?

— அப்பெல்லாம் எண்ணிக்கை சரியா இருந்துச்சு. போன வியாழக்கிழமை நீங்க கிளம்பின பிறகு எண்ணினா ஒரு தாள் குறையுது.

— நீங்க என்ன, தாளைக்கூடவா எண்ணுவீங்க?

— கையில கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, திரும்பி வாங்கினதும் ஒரு தடவை. முப்பத்தோரு வருஷமா இதே பொழப்பு. இருநூத்தி நாப்பது கொடுத்தேன், இருநூத்தி முப்பத்தொன்பது வந்துச்சு. நூத்திப் பதினேழைக் காணோம்.

— நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் கணக்கு சொல்லிக் கொடுத்தவ. என்கிட்ட எண்ணிக்கை பேசாதீங்க. தப்பா எண்ணியிருப்பீங்க.

— மூணு தடவை எண்ணினேன்.

— அப்போ மூணு தடவையும் தப்பு. இந்தாங்க, கவுத்தாச்சு. குடை, தண்ணி பாட்டில், மாத்திரை, பேனா, நோட்டு. இதையும் எண்ணி வச்சுக்கோங்க, நாளைக்கு மாத்திரை குறையுதுன்னு வந்து நிக்கப் போறேன்.

— தப்பா நினைக்காதீங்க. நோட்டையும் பிரிங்க.

— அது என் சொந்த நோட்டு. எங்க தாத்தாவோட தாத்தா கதை மொத்தமும் அதுல இருக்கு.

— அப்போ நீங்களே படிங்க, நான் கேக்கறேன். ஒரு பழைய சிப்பாயை ஒரு வாரமா எதுக்குத் துருவறீங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்.

— துருவறதா? மரியாதையா பேசுங்க. கேளுங்க. நாப்பத்தாறுல, பத்தொன்பது வயசுல பட்டாளத்துல சேர்ந்தார். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு, இல்லேன்னா அதுக்கும் சந்தேகம் கேப்பீங்க. பதினாலு வருஷம் சேவகம். கௌரவமா விடுவிச்சு, மேட்டுப் பக்கம் மூணு ஏக்கர் கொடுத்தாங்க. பேருக்குத்தான் நிலம், முழுக்கக் கல்லு. ஆறு வருஷம் கல் பொறுக்கினார், சார். பொறுக்கினதையே சுத்தி அடுக்கி வேலி ஆக்கினார். வாய்க்கால் தண்ணி கேட்டு மூணு மனு போட்டார், மூணும் தள்ளுபடி. சரிதான் போங்கடான்னு தானே கிணறு வெட்டினார். பஞ்சம் வந்தப்போ அக்கம்பக்கத்துக்கெல்லாம் அந்தக் கிணறுதான். தொண்ணூத்தி மூணுல ஒரு நாள் உழுதுட்டு வந்து மரத்தடியில சாஞ்சவர் எழுந்திருக்கவே இல்லை.

— நல்ல சாவு.

— நல்ல மனுஷன். வர்ற ஞாயித்துக்கிழமை என் தம்பி அவருக்குச் சிலை திறக்கறான். துப்பாக்கி பிடிச்ச மாதிரி.

— கிணறு வெட்டினவருக்குக் கடப்பாரை கொடுத்திருக்கலாமே.

— அதை அவன்கிட்ட சொல்லிட்டு முழுசா திரும்பி வாங்க பார்க்கலாம். சுத்துவட்டாரத்துல எங்களைச் 'சிப்பாய் வீடு'ன்னாதான் தெரியும். பொண்ணு கேட்டு வர்றவங்க முதல்ல சொல்றதே அதைத்தான். என் தம்பி நடக்கறதைப் பார்க்கணும் நீங்க, அணிவகுப்புல போற மாதிரியே நெஞ்சை நிமித்திக்கிட்டு நடப்பான்.

— சரி, சாகும்போது அவருக்கு என்ன வயசு?

— ஏன், அது எதுக்கு?

— நோட்டுல இங்க அம்பத்தெட்டுன்னு எழுதி, அதை நாலு தடவை அடிச்சிருக்கீங்க. தாளே கிழியற மாதிரி.

— கையெழுத்துப் பழக்கம்.

— நாப்பத்தாறுல பத்தொன்பதுன்னா, தொண்ணூத்தி மூணுல அறுபத்தாறு வரணும். நான் கணக்கு டீச்சர் இல்லை, இருந்தாலும் எட்டு வருஷம் உதைக்குதே.

— அந்தக் காலத்துல யாருக்குச் சரியா வயசு தெரியும்? குத்துமதிப்பா சொல்லியிருப்பாங்க.

— இருக்கலாம். அதுக்குத்தான் நூத்திப் பதினேழு வேணும். பென்ஷன் வாங்கறவர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நேர்ல வந்து நிக்கணும். குமாஸ்தா ஆளைப் பார்த்து, அங்க அடையாளம் எழுதணும். அந்தப் பதிவேடுதான் இது.

— தெரியும். ஒண்ணு விடாம எழுதியிருக்காங்க.

— ஆளைப் பார்த்து எழுதினாங்களா, முந்தின தாளைப் பார்த்து எழுதினாங்களா? தப்பா நினைக்காதீங்க, நானும் குமாஸ்தா ஜாதிதான், எங்க ஆளுங்க லட்சணம் எனக்குத் தெரியும். வெளியே வெயில்ல இருநூறு பேர் நிப்பாங்க. எவன் ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுப் பார்ப்பான்? 'முன்போலவே'ன்னு ஒரே வார்த்தை, அடுத்த ஆளைக் கூப்பிடு. சுண்டுவிரல் இருக்கா இல்லையான்னு எவன் கண்டான்?

— என்ன சொன்னீங்க?

— இருநூறு பேர் நிப்பாங்கன்னேன்.

— அதுக்கப்புறம். சுண்டுவிரல்னீங்க.

— பொதுவா சொன்னேன்.

— பொதுவா சொல்றவங்க கை கால்னு சொல்வாங்க, மச்சம் தழும்புன்னு சொல்வாங்க. சுண்டுவிரலுக்கு யார் போவாங்க? நான் இதுவரைக்கும் விரலைப் பத்தி மூச்சு விடலை. 'கட்டு போன மாசம்தான் வேற ஆபீஸ்லேர்ந்து வந்துச்சு, எண்ணி வச்சதோட சரி, ஒரு வரி படிக்கலை'ன்னு முதல் நாள் சொன்னது யாரு?

— நான்தான்.

— படிக்காமலே எப்படித் தெரியும்?

— இது என் விசாரணை டீச்சர். கேள்வி நான் கேக்கணும்.

— ஆ, வகுப்புல மாட்டிக்கிட்ட பையன் மாதிரியே பேசறீங்க! எனக்கு இப்பதான் புரியுது. தாளை எடுத்தது நீங்க, பழி என் தலையில. எந்தப் பேப்பர்காரனுக்குக் கொடுத்தீங்க? சிலை திறப்பு அன்னைக்குப் பார்த்து வெளியே விடலாம்னா?

— பேப்பர்ல போடற அளவுக்கு அந்தத் தாள்ல என்ன இருக்கு?

— அது...

— காணாமப் போன தாள்ல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், டீச்சர்?

— குத்துமதிப்பா சொன்னேன்.

— இன்னொண்ணு. கண்ணாடி உங்க மூக்கு மேல இருக்கு. கையில வெறும் கண்ணாடிக் கூட்டை ஏன் அந்தப் பிடி பிடிக்கறீங்க?

— திருப்பி வைக்கத்தான் வந்தேன், தம்பி.

— இப்போ தம்பி ஆயிட்டேனா? எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ஏழு மாசம்தான் இருக்கு.

— எத்தனை வயசானா என்ன, என்னைவிடச் சின்னவர்தானே. சத்தியமா சொல்றேன், திருப்பி வைக்கத்தான் வந்தேன். பரீட்சையில காப்பி அடிச்ச பசங்களைக் காதைப் பிடிச்சு வெளியே நிறுத்தினவ நான். வியாழக்கிழமை என் கையே கிழிச்சுது. நாலு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை.

— கொடுங்க.

— ஒரு வார்த்தை கொடுங்க, நான் இதைக் கொடுக்கறேன். ஞாயித்துக்கிழமை தாண்டற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.

— அந்த வார்த்தையை மட்டும் என்னால கொடுக்க முடியாது.

— ஏன்? உங்களுக்கு இதுல என்ன வந்தது? முடியாதுன்னா இங்கயே சுக்குநூறா கிழிச்சுப் போட்டுடுவேன்.

— ஐயோ, வேண்டாம் டீச்சர்! உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், வேண்டாம்.

— என்ன இப்படிப் பதறறீங்க? ஒரு தாளுக்கா?

— எண்ணிக்கை குறையக் கூடாது. அவ்வளவுதான்.

— நீங்க சொல்றதுல பாதியைக்கூட என்னால நம்ப முடியலை. முகமே சரியில்லை உங்களுக்கு. ஆனா பொய்யை மடிச்சுக் கூட்டுக்குள்ள வச்சுக்கிட்டு இனிமே என்னால திரிய முடியாது. இந்தாங்க. நீங்களே படிங்க. நான் ஒரு தடவை படிச்சதே போதும்.

— 'ஆஜரானவருக்கு இரண்டு கைகளிலும் விரல்கள் பத்தும் உள்ளன. பதிவேட்டில் இடது கைச் சுண்டுவிரல் இல்லை என்று உள்ளது. விசாரித்தேன்.'

— யாரோ புதுசா வேலைக்கு வந்த குமாஸ்தா. அந்த ஒருத்தர்தான் ஆளைப் பார்த்திருக்கார்.

— 'தான் சிப்பாய் அல்ல என்றும், படையின் குதிரைகளுக்குப் புல் அறுத்தவன் என்றும் சொன்னார். காகிதத்துக்கு உரியவர், படையிலிருந்து விடுவிப்பு உத்தரவு வந்த நான்காம் நாள் ஆற்றங்கரைச் சண்டையில் இறந்தார். தன் கையாலேயே புதைத்ததாகவும், தனக்குப் போக்கிடம் இல்லாததால் அவருடைய காகிதத்தை எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார். அழுதார்.'

— கீழே சிவப்பு மையில பாருங்க. மேலதிகாரி.

— 'பதினோரு வருடப் பதிவுகளை இப்போது திருத்த இயலாது. முன்போலவே எழுதவும்.'

— ஆச்சு. அடுத்த ஆறு மாசத்துலேர்ந்து மறுபடியும் சுண்டுவிரல் இல்லாத ஆளாயிட்டார். சாகிற வரைக்கும்.

— புதைச்சது... தன் கையாலேயேன்னு இருக்கு.

— புல்லறுக்கிறவர், தம்பி. சிப்பாய் வீடாம் நாங்க! என் தம்பி துப்பாக்கியோட சிலை செஞ்சு வச்சிருக்கான். ஆனா ஒண்ணு, கல் பொறுக்கினது அவர்தான், கிணறு வெட்டினதும் அவர்தான். அதை எந்தச் சிவப்பு மையாலயும் இல்லைன்னு சொல்ல முடியாது. எனக்கு அவர் மேல கோபமே வரலை. கோபம் வரலையேன்னுதான் வெக்கமா இருக்கு.

— வர வேண்டாம். குழி வெட்டிப் புதைச்சிருக்காரே.

— அந்தச் செத்தவரை நினைச்சாத்தான் மனசு ஆறலை. விடுவிச்சு நாலே நாள். அவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும் இல்லையா? உயிரோட இருந்துக்கிட்டு எங்கேயோ பென்ஷன் வாங்கறார்னு கேள்விப்பட்டா, அந்த வீட்டுல என்ன நினைச்சிருப்பாங்க?

— ஒரு நிமிஷம் டீச்சர். ஒரு போன் பண்ணிக்கறேன்.

— யாருக்கு? போலீஸுக்கா?

— உட்காருங்க.

— தாளை எடுத்தது தப்புதான், ஒத்துக்கிட்டேனே. பண்ணித்தான் ஆகணும்னா பண்ணுங்க. ஆனா என் தம்பிகிட்ட முதல்ல நான் சொல்லிக்கறேன், மத்தவங்க சொல்லி அவன் தெரிஞ்சுக்க வேண்டாம். கேக்குதா?

— அம்மா, நான்தான். சத்தமா பேசறேன், கேக்குதா? ஒரு நல்ல சேதிம்மா. நம்ம சிப்பாய்த் தாத்தா, அதாம்மா சுண்டுவிரல் இல்லாதவர், நம்மளை விட்டுட்டு எவளோடயும் குடித்தனம் பண்ணப் போகலை. விடுவிச்ச நாலாம் நாள், வீட்டுக்குக் கிளம்ப இருந்தவர், சண்டையிலயே செத்துப் போயிட்டார்மா.