முத்திரை விழாத தாள்

திங்கள்கிழமை. காலை எட்டு நாற்பது. நிலவறையின் கூரை ஒருமுறை எழும்பி இறங்குகிறது. சத்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது. முதலில் காற்று இழுபடும். பிறகு அடி. பிறகு கண்ணாடி கொட்டும் ஓசை, நெடுநேரம். ஐந்து நாட்களில் இந்த வரிசை பழகிவிட்டது. பயம் மட்டும் பழகவில்லை.

நான் படியேறி ஓடுகிறேன். ஹலினா அக்கா மேலே இருக்கிறார். நான்தான் அனுப்பினேன். படிக்கட்டு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. மேல்வாசலில் ரேணுகா சுவரோடு ஒட்டி நிற்கிறாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்குகிறது. அவளுக்கு அது தெரியவில்லை. பயம் வந்தால் அவளுக்குத் தெலுங்குதான் வரும்.

"ஸ்டெல்லா! லோபலிகி ரா! உள்ள வாடி! இன்னொண்ணு வருது!"

வந்தது. எங்கள் இருவரையும் யாரோ பின்னாலிருந்து படியில் இழுத்துத் தள்ளினார்கள். ஹலினா அக்காவின் கணவர் ஒலெக்சி. டிராம் ஓட்டுநர். எங்களைத் தள்ளிவிட்டு அவர் வெளியே ஓடினார்.

இதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்தது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

நான் ஓசூர்க்காரி. அப்பா திண்டுக்கல்லிலிருந்து பிழைக்க வந்தவர். வீடு ஓசூரில், வேலை எல்லை தாண்டி, கர்நாடகத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில். மெஷின் ஆபரேட்டர். ரேணுகாவுக்கு வேப்பனப்பள்ளி. மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். இருவரும் உக்ரைனின் கிழக்கே ஒரு நகரத்தில் மருத்துவம் நான்காம் ஆண்டு படித்தோம். நகரத்தின் பெயரை எழுத மாட்டேன். ஒலெக்சி இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

பிப்ரவரி கடைசி வியாழன். விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் சத்தம். ரேணுகா புரண்டு படுத்தாள். "குவாரியில வெடி வெக்கறாங்கடி, தூங்கு" என்றாள். தூக்கக் கலக்கத்தில் அவள் ஊரில் இருந்தாள். கல்குவாரியில் வெடிக்கு முன்னால் விசில் ஊதுவார்கள். ஆடு மாடு ஓட்டிப்போக நேரம் கொடுப்பார்கள். இங்கே யாரும் விசில் ஊதவில்லை. இரண்டாவது சத்தத்தில் ஜன்னல் உள்ளே வந்து விழுந்தது.

நிலவறையில் அறுபது பேர். ஈரச் சுவர். ஒரு பல்பு. ஒரு வாளி. வியாழன் சாயங்காலம் அப்பாவிடம் பேச முடிந்தது. அவர் அழவில்லை. அவசர அவசரமாகப் பேசினார்.

"பாப்பா, எப்படியாச்சும் நெகட்டிவ் பேப்பர் எடுத்துரு. பேப்பர் இல்லாம பிளைட்டுல ஏத்த மாட்டாங்களாம். சீல் இருக்கணும். சீல் இல்லாட்டி செல்லாது, பாத்துக்க."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் எங்கள் எல்லையில் அந்த இரண்டு வருடம் வாழாதவர்கள். ஜூஜூவாடி சாவடியில் இ-பாஸ். தொழிற்சாலை கேட்டில் கொரோனா நெகட்டிவ் தாள். ஒருநாள் அப்பாவின் தாளில் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். பஸ் ஓடாத நாள். அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர் வரை மழையில் நடந்தே வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் முதலில் முத்திரையைத்தான் பார்ப்போம்.

விமானத்தில் இந்தியா வருகிறவர்கள் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் சான்றிதழோ, தடுப்பூசி முழுவதும் போட்ட சான்றிதழோ காட்ட வேண்டும். எங்களுக்குத் தெரிந்த விதி அதுதான். எங்கள் இருவருக்கும் இரண்டாவது ஊசி பாக்கி. போதாக்குறைக்கு ரேணுகா சனிக்கிழமையிலிருந்து இருமுகிறாள். நிலவறைத் தூசியா, தொற்றா? நான் மருத்துவம் படிக்கிறவள். என்னாலேயே சொல்ல முடியவில்லை. வெளியே விழும் குண்டுக்கு ஒரு பயம். இந்த இருமலுக்கு இன்னொரு பயம். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் விமானம் ஏறுவேனா? அந்தக் கேள்வியை என்னிடமே கேட்கப் பயந்தேன்.

அவளுடைய போன் முதல் நாளே உடைந்துவிட்டது. என்னுடையதில் பதினொரு சதவீதம் சார்ஜ். சனி மதியம் அணைத்து வைத்தேன். எல்லையில் முதல் ஊசிச் சான்றிதழையாவது காட்டவேண்டி வந்தால் போனில் உயிர் இருக்க வேண்டும் என்று என் கணக்கு. ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு இரவு நிலவறையில் வாய்வழியாகச் செய்தி வந்தது. திங்கள் காலை ஊரடங்கு தளரும். பதினோரு மணிக்கு மேற்கே ரயில்.

ஹலினா அக்கா பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவர். கல்லூரிக்காக எங்கள் மூக்கில் எத்தனையோ தடவை குச்சி விட்டவர். ரேணுகா அவரை 'அக்கா' என்று கூப்பிடுவாள். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பிறகு அவரே தன்னை அக்கா என்று சொல்லிக்கொள்வார். திங்கள் காலை ஏழரைக்கு, நிலவறை மூலையில் கணவரோடு உட்கார்ந்திருந்த அவரிடம் போய் நின்றேன். ஆர்டிபிசிஆருக்கு மின்சாரம் வேண்டும், அதுதான் போய்விட்டதே, நடக்காது என்றார். கோட்டுப் பையில் துரிதப் பரிசோதனை அட்டை இரண்டு இருந்தது. அதை எடுத்தார்.

குச்சி. சொட்டு. பதினைந்து நிமிடம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டு வெள்ளை அட்டைகள். வெளியே எங்கோ தூரத்தில் அடி விழுந்துகொண்டிருந்தது. நான் அதை எண்ணவே இல்லை. ரேணுகாவின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடு வந்தது. இரண்டாவது வரக்கூடாது. மாதாவே, வரக்கூடாது. வரவில்லை. ரேணுகா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

அக்கா இரண்டு தாளில் எங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், மாதிரி எடுத்த நேரம் எல்லாம் எழுதினார். எட்டு பதினைந்து. கையெழுத்துப் போட்டார். கொடுத்தார்.

நான் தாளின் கீழ்ப்பக்கம் பார்த்தேன். காலியாக இருந்தது.

முத்திரை எங்கே என்று கேட்டேன். மேலே, பக்கத்துக் கட்டடத்தில் தன் மேசையில் இருக்கிறது என்றார். போரில் யார் முத்திரை பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்தார். நான் விடவில்லை. எங்கள் எல்லையில் பார்ப்பார்கள் என்றேன். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன். அழுதேன். அந்த அழுகை உண்மையான அழுகைதான். ஆனால் அது வேலை செய்யும் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா ஒலெக்சியைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். "நான்கு நிமிடம்" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்தார். கதவைப் பிடித்துக்கொள்ள ரேணுகா கூடப் போனாள். நான் கீழே உட்கார்ந்து பையைக் கட்டினேன்.

எட்டு நாற்பது. அதைத்தான் முதலில் எழுதினேன்.

தூசி அடங்கியபோது பரிசோதனைக் கூடம் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. ஒலெக்சி செங்கல்லைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார். நானும் அள்ளினேன். அக்காவைக் கண்டுபிடித்தோம். முத்திரை அவர் கையில் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். ஒலெக்சி என்னைத் திட்டவில்லை. ரயில் நிலையம் இருக்கும் திசையைக் காட்டி ஒரே ஒரு வார்த்தை கத்தினார். "ஓடுங்கள்!"

ஓடினோம்.

ரயிலில் நின்றுகொண்டே இருபது மணி நேரம். நடுவில் போனைப் போட்டேன். செய்திகள் வரிசையாக விழுந்தன. சனிக்கிழமை இரவு வந்தது ஒன்று, எங்கள் மாணவர் குழுவில். போரிலிருந்து மீட்கப்பட்டு வருகிறவர்களுக்குப் புறப்படுமுன் பரிசோதனைச் சான்றிதழ் தேவையில்லை. தடுப்பூசிச் சான்றிதழும் தேவையில்லை. இறங்கிய பிறகு விமான நிலையத்திலேயே மாதிரி எடுப்பார்கள்.

திரும்பத் திரும்பப் படித்தேன். ரேணுகா என்ன என்று கேட்டாள். இடது பக்கம் நின்று சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. வலது பக்கம் போய் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அதைப் போலக் கொடுமை இல்லை.

எல்லையில் ஒரு சிப்பாய் பாஸ்போர்ட்டின் அட்டையை மட்டும் பார்த்தார். விமானத்தில் ஏறும்போது பெயர் மட்டும் கேட்டார்கள். டெல்லியில் நீல உடை போட்ட ஒரு பெண் மூக்கில் குச்சி விட்டார். போன் நம்பர் எழுதிக்கொண்டார். "போலாம், பதினாலு நாள் உடம்பைப் பாத்துக்கோங்க" என்று இந்தியில் சொன்னார். மொத்தம் இரண்டு நிமிடம். என் பையில் இருந்த தாளை யாரும் கேட்கவில்லை. நான்தான் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். எழுத்து புரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பெங்களூரு விமான நிலையத்துக்கு அப்பா வாடகை வண்டியோடு வந்திருந்தார். வழியெல்லாம் லாரி டயர் வெடித்தால்கூட நாங்கள் இருவரும் சீட்டுக்கு அடியில் குனிந்தோம். அத்திப்பள்ளி தாண்டியது. ஜூஜூவாடி வந்தது. கை தானாகப் பைக்குள் போனது. தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். வண்டி நிற்கவே இல்லை. தடுப்புக் கம்பிகள் ஓரமாகச் சாய்ந்து கிடந்தன. காவலுக்கு ஒருவரும் இல்லை.

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இப்பல்லாம் கேக்கறதில்ல பாப்பா" என்றார்.

பிறகுதான் அவரிடம் ஹலினா அக்காவைப் பற்றிச் சொன்னேன். அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரம் வெகுநேரம் நின்றார். நானும் அப்பாவும் இன்றுவரை அந்த வியாழக்கிழமை போன் பேச்சைப் பற்றிப் பேசியதில்லை.

இழந்தவற்றை எழுதி முடிக்கிறேன். ரேணுகாவின் இடது காது. நான்கு வருடப் படிப்பு. ஒலெக்சியின் வீடு. ஹலினா அக்கா, வயது நாற்பத்தாறு. போனில் பதினொரு சதவீதம் சார்ஜ் இருந்தும் யாரும் படிக்காத ஒரு செய்தி.

மிஞ்சியது இரண்டு தாள். இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. கையெழுத்து தெளிவாக இருக்கிறது. முடிவு: தொற்று இல்லை. நேரம்: எட்டு பதினைந்து. கீழே, முத்திரைக்கான இடம் காலி.