குளியல் தொட்டிக் கெண்டையின் சாட்சி

குளங்களையே தன் குடும்பமாய்க் கொண்ட மீன்வளர்ப்போர் சங்கத் தலைவர் ஹினெக் அவர்களே! வலையும் வாளியுமாய் வாழ்ந்து வழிகாட்டும் மூத்தோரே! விடிவதற்கு முன் வெந்நீர் போட்டு மீனவரை அனுப்பிவைக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் பியரைக் கீழே வைக்க மனமில்லாத பெருமக்களே! அனைவருக்கும் இந்த க்வெதாவின் வணக்கம்.

"குறையற்ற பணிக்கு" என்று பொறித்த கேடயத்தைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள். குறையற்ற பணியா? யாருடைய பணி? சொல்கிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸுக்குப் பதினைந்து நாள் இருக்கையில், தலைவரின் இருப்புத் தொட்டிகளில் சில கெண்டைகள் செத்து மிதந்தன. தொற்றுநோய் என்று முடிவானால் மீதமிருந்த பன்னிரண்டாயிரம் மீனையும் அழித்தாக வேண்டும். செவுள் துண்டு ஒன்று பர்னோ நகரில் இருக்கும் எங்கள் மின்னணு நுண்ணோக்கி ஆய்வகத்துக்கு வந்தது.

அந்த நுண்ணோக்கிக்குள் காற்றே கிடையாது. ஈரச் செவுளை அப்படியே வைத்தால் என்ன ஆகும்? நீர் பொங்கும், உரு குலையும். ஆகவே முதலில் மருந்தில் ஊறவைத்து உருவத்தை உறுதியாக்குவோம். பிறகு முப்பது, ஐம்பது, எழுபது, தொண்ணூறு, நூறு சதவீதம் என்று சாராயத்தின் வீரியத்தை ஏற்றி ஏற்றி நீரை வெளியேற்றுவோம். சாராயத்தின் இடத்தில் அழுத்தமான கரியமில வாயுவைத் திரவமாய் ஏற்றி, மெல்லச் சூடாக்கி, மெல்ல விடுவிப்போம். மேலே மெல்லிய தங்கப் பூச்சு. அவ்வளவுதான்.

என்ன ஐயா? சாராயத்தைக் குடிக்கலாமா? உட்காருங்கள், அது மீனுக்கு!

படம் வந்தது. செவுளின் இதழ்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிக் கிடந்தன. பார்த்த கால்நடை அதிகாரி, "நோய்தான்மா. நாளை மறுநாள் அழிக்கிற உத்தரவுல கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனேன். எல்லோர் வீட்டையும்போல எங்கள் குளியல் தொட்டியிலும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கி உயிரோடு விட்ட ஒரு கெண்டை, நான்கு நாளாய். டிராம் ஓட்டும் என் கணவர் ராடிம் அதற்கு வாஷெக் என்று பெயரிட்டு, தானே பக்கத்து வீட்டில் போய்க் குளித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நல்ல மீன் ஒண்ணோட செவுள் வேணும்," என்றேன்.

"என்ன விளையாடறியா? அவன் உனக்கு என்ன பாவம் பண்ணான்?"

"எப்படியும் பண்டிகைக்கு வெட்டத்தானே போறோம்?"

"அது அன்னிக்கு. இன்னிக்கு அவன் ரொட்டி தின்னான்டி!"

வெட்டினேன். அழுதுகொண்டே வெட்டினேன். வாஷெக்கின் செவுளையும் அதே மருந்து, அதே சாராயம், அதே வாயு வழியே கொண்டுபோனேன். நல்ல மீன்! நலமான மீன்! நேற்றுவரை நீந்திய மீன்! அதன் இதழ்களும் ஒட்டிச் சுருங்கிக் கிடந்தன!

அப்படியானால் நோய் எதற்கு? மீனுக்கா? இல்லை. என் பாட்டிலுக்கு! நூறு சதவீதச் சாராயம் மூடி திறந்திருந்தால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். அந்தத் துளி ஈரம் போதும், காயும்போது இதழ்களை இழுத்து ஒட்டிவிட. நம் நாட்டில் பிளம் சாராயத்தை எவராவது மூடாமல் வைப்பாரா? ஆய்வகத்துச் சாராயத்தை வைத்திருந்தேன், நான்.

புதுப் பாட்டிலின் முத்திரையை உடைத்துத் திறந்தேன். மருந்தில் மீதமிருந்த நோயாளிச் செவுளை மறுபடி உலர்த்தினேன். இதழ்கள் விரிந்து நின்றன. நோயின் சுவடே இல்லை. தலைவருக்குப் போன் செய்து என் தவற்றைச் சொன்னேன்.

"அப்போ என் மீனு ஏன்மா செத்துச்சு?" என்றார். போய்ப் பார்த்தவர் அரை மணியில் திரும்ப அழைத்தார். "நீர் வர்ற கம்பி வலையில இலை அடைச்சிருக்கு. மூச்சு முட்டிச் செத்திருக்கு. நான் பாக்கல. தப்பு என் பேர்லயும் இருக்கு."

அதிகாரி கையெழுத்திடவில்லை. பன்னிரண்டாயிரமும் பிழைத்து அந்தப் பண்டிகைக்கே உங்கள் மேசைக்கு வந்தன. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்! எங்கள் வீட்டில் மட்டும் அன்று உருளைக்கிழங்கு சாலட். ராடிம் வேறு மீன் வாங்க விடவில்லை.

ஆகவே தலைவர் அவர்களே, இந்தக் கேடயத்தில் "குறையற்ற" என்ற சொல்லைச் சுரண்டிவிடுங்கள். இனி நோயுற்ற மீனைக் கொண்டுவருகிறவர்கள், அதனுடன் நலமான மீன் ஒன்றையும் கொண்டுவாருங்கள். என் கையை நம்பாதீர்கள். இரண்டையும் பார்த்துவிட்டு நம்புங்கள்!

கேடயத்தை நான் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். வாஷெக் நீந்திய குளியல் தொட்டிக்கு மேலே ஓர் ஆணி இருக்கிறது. ராடிம் இன்று காலையிலேயே அடித்து வைத்துவிட்டார். பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!