சேற்றில் கடைசி ஆள்

இருந்தவர்கள்:

மாவுக்கட்டுக்காரி: பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுகிறவள். இன்றைய காட்டுச் சைக்கிள் பந்தயத்தில் கடைசி ஆள்.

நாடாக்காரன்: பிழைப்பு குழாய் ரிப்பேர். பந்தயத்தன்று மட்டும் கடைசி ஆளுக்குப் பின்னாலேயே சைக்கிளில் வந்து, பாதை காட்டக் கட்டிய நாடாக்களை அவிழ்த்துச் சுருட்டுகிறவன்.

தையல்காரர்: மாவுக்கட்டுக்காரியின் புருஷன். அவளுக்கு வெகுதூரம் முன்னால் போனவர்.

மழை: காலையிலிருந்து.

— நிக்காதீங்கக்கா. நீங்க நின்னா நானும் நிக்கணும். உங்களைத் தாண்டிப் போக எனக்கு உத்தரவு இல்ல.

— தாண்டச் சொன்னேனா? சக்கரம் சுத்தல தம்பி. சேறு அடைச்சுக்கிச்சு. ஒரு குச்சி ஒடிச்சுக் குடு.

— சும்மா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. குச்சி குடுத்தா உதவி பண்ணினதா ஆயிடும். சட்டத்துல இடமில்ல.

— அப்ப உன் சட்டத்தை ஒடிச்சுக் குடு, அதால தோண்டுறேன்.

— ஐயய்யோ, விரலாலேயே தோண்டுறீங்களே!

— விட்டா இறுகிடும். இதுவும் மாவு மாதிரிதான். இறுகினப்புறம் ரம்பம் வெச்சுத்தான் அறுக்கணும்.

— குடிக்கிற தண்ணியைச் செயின்ல ஊத்துறீங்க?

— என்னைவிட அதுக்குத் தாகம் ஜாஸ்தி. கரகரன்னு கத்துது கேக்கலையா?

— எதுக்குக்கா இந்தப் பாடு? எல்லாரும் போய்ச் சேர்ந்து குளிச்சுத் துணி மாத்தியிருப்பாங்க. நீங்களும் நானும்தான் எருமை மாதிரி ஊறிக்கிட்டு இருக்கோம். மேட்டு மேல ஒரு பம்ப் ரூம் இருக்கு. விலகுறவங்க அங்கதான் உட்காரணும், ஜீப் வந்து ஏத்திக்கும். 'முடியல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்களும் வீடு போகலாம், நானும் வீடு போகலாம்.

— மணி அடிச்சாச்சா?

— முடிவுக் கோட்டுலயா? இன்னும் இல்ல. அடிச்சா காடு பூரா கேக்கும்.

— அடிக்கிறதுக்குள்ள போகணும். அப்புறம் போனா போன கணக்கே இல்ல.

— கடைசியா வர்றவங்களுக்கு என்ன, மெடலா தர்றாங்க?

— வேலை தர்றாங்க.

— யாரு, இந்தப் பந்தயக்காரங்களா? எனக்குச் சட்டை மட்டும்தான் குடுத்தாங்க.

— வேற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி. மாவுக்கட்டு ரூம் முழுக்க என் பொறுப்பு. வரேனா இல்லையான்னு நாளைக்குச் சொல்லியாகணும். எங்க வீட்டுக்காரர் நாலு பேர் முன்னால சொல்லிட்டார். 'நீ எதை முழுசா முடிச்சிருக்கே? இந்தப் பந்தயத்தை மணிக்குள்ள முடி, தையல் மெஷினை நானே தூக்கி வண்டியில ஏத்துறேன்'னு.

— முடிக்க மாட்டீங்கன்னு நினைச்சுச் சொல்லியிருப்பாரு.

— பின்னே, முடிப்பேன்னு நினைச்சா சொல்லுவாரா? ஓரமா நில்லு. இதைத் தோள்ல தூக்கப்போறேன். இந்த மேட்டுல மிதிக்க முடியாது.

— வழுக்குதுக்கா, பார்த்து! வேரைப் பிடிங்க, வேரை! விழுந்துட்டீங்களா?

— விழுந்தா என்ன? மேல் பக்கமாத்தானே விழுந்தேன்.

— சும்மா சொல்றேன், உங்களை மாதிரி ஒரு ஆள் எனக்கு எதிரியாக் கூட வேண்டாம். அந்தா பாருங்க, பம்ப் ரூம். கதவு ஏன் திறந்து அடிச்சுக்கிட்டு இருக்கு? வாசல்ல ஒரு சைக்கிள் வேற கிடக்கு.

— அது எங்க வீட்டுச் சைக்கிள்.

— ஏம்மா! நீதானா அது? உள்ள வா!

— யாருக்கா உள்ள?

— நான் சொன்னேனே, எங்க வீட்டுக்காரர்.

— அப்ப எனக்கு மாமா. வணக்கம் மாமா! நீங்க இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கணுமே?

— இந்த நாடா சுத்துறவன் எப்ப எனக்கு மச்சினன் ஆனான்? ஏம்மா, கால் போச்சும்மா. வேர்ல ஏறிச் சக்கரம் வழுக்கிடுச்சு. சைக்கிளை இழுத்துக்கிட்டே தவழ்ந்து தவழ்ந்து இங்க வந்தேன்.

— எந்தக் கால்?

— வலது. தொடாதே, தொடாதே… ஐயோ!

— நல்லா கத்துறீங்க.

— நான் தப்பா சொல்லல, கணுக்கால் நொறுங்கிப்போச்சு. நீ இப்படி உட்காரு. ஜீப் வரட்டும், சேர்ந்தே போயிடலாம்.

— நர்ஸ் படிப்புக்குக் கடைசிப் பரீட்சை. அன்னைக்கு உங்களுக்கு நெஞ்சு வலி. கூடவே உட்கார்ந்தேன்.

— அன்னைக்கு நிஜமாவே வலிச்சுது.

— வாய்வு. பரீட்சை முடிஞ்சுது, ஏப்பம் வந்துது, வலி போயிடுச்சு. அப்புறம் ஒரு தடவை வெளியூர்ல வேலைக்குக் கூப்பிட்டாங்க. உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. நான் ரயிலை விட்டதும் குனிஞ்சு செருப்பு மாட்டுனீங்க. இன்னைக்குக் கணுக்கால்.

— அதெல்லாம் வேற. இது வேற!

— நடிப்பு.

— சத்தியமா இல்லம்மா! டேய் மச்சினா, நீயாவது சொல்லுடா. என் முகத்தைப் பார்த்தா தெரியலையா?

— சும்மா சொல்றேன் மாமா, சேறுதான் தெரியுது. முகம் எங்க இருக்குன்னே புரியல.

— தம்பி, அவர் சைக்கிள்ல காத்தடிக்கிற பம்ப் இருக்கும், எடு. பையில இருக்கிற டியூபையும் எடுத்துக் குடு.

— எதுக்குக்கா?

— குடு. நீங்க அசையாதீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க.

— அம்மா! நடிப்புன்னு சொல்றே, அப்புறம் பம்பை வெச்சு எதுக்குக் கட்டுறே?

— கட்டுப் போட்டாத்தான் அடங்குவீங்க. ஷூவைக் கழட்டக் கூடாது. காலை இப்படியே நீட்டி வையுங்க. இந்த மேல்சட்டையைப் போர்த்திக்குங்க.

— இது உன்னோடது. நீ நனைஞ்சுடுவே.

— நனைய இன்னும் என்ன பாக்கி இருக்கு?

— ஏம்மா… நான் தப்பா சொல்லல. அந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்? இங்க ஒரு ஆள் கடைப்படி ஏறும்போதே இடுப்பு எத்தனைன்னு சொல்லிடுவேன்.

— அங்கேயும் ஆளுங்களுக்கு இடுப்பு இருக்கும்.

— பிடிச்சா ஒரே பிடியா? ஒத்தைக்கால்ல நிக்காதே.

— அது நீங்க. நான் கிளம்புறேன்.

— அக்கா, சொல்றேனேன்னு கோவிக்காதீங்க. நான் வேணா மாமாவோட இருந்துடவா?

— உனக்கு உத்தரவு என்ன? கடைசி ஆளுக்குப் பின்னால வரணும். கடைசி ஆள் நான்.

— கட்டின புருஷனை இந்தக் கோலத்துல போட்டுட்டுப் போறியா? போ! போய்ட்டு வந்து என் முகத்துல முழிக்காதே!

— சரி. மெஷினைத் தூக்கும்போது முதுகு பத்திரம். தம்பி, வெளிய வா. கதவைச் சாத்து.

— பாவம்க்கா, தொண்டை கிழியக் கத்துறாரு.

— கத்தட்டும். கத்துற வரைக்கும் கவலை இல்ல. ஜீப்புக்குப் போன் போடு. நீட்டுப் பலகை கொண்டுவரணும், காலை மடக்காம ரெண்டு பேராத் தூக்கணும்னு சொல்லு.

— அலோ… ஆமா, பம்ப் ரூம்தான். ஒரு ஆள். நீட்டுப் பலகை வேணுமாம். மடக்கக் கூடாதாம். ஆமா, ரெண்டு பேரு. சரி, வாங்க… கிளம்பிட்டாங்கக்கா. அடிவாரத்துலதான் இருக்காங்க.

— அவங்ககிட்ட இந்தக் கதவுக்குச் சாவி இருக்கா?

— இருக்கு. என்கிட்ட ஒண்ணு, அவங்ககிட்ட ஒண்ணு.

— அப்ப பூட்டு.

— ஆளை உள்ள வெச்சா?

— இல்லைன்னா தத்திக்கிட்டே என் பின்னால வந்துடுவார். நான் சொல்றேன், பூட்டு.

— இந்தாங்க, பூட்டிட்டேன். சும்மா கேக்குறேன்க்கா. நடிக்கிற ஆளைத் தூக்க நீட்டுப் பலகை எதுக்கு?

— யாரு நடிச்சா? ரெண்டு எலும்பும் உடைஞ்சிருக்கு. தொட்டப்பவே தெரிஞ்சுபோச்சு.

— அப்புறம் ஏன்க்கா உள்ள வெச்சு அவரை அந்த வாங்கு வாங்குனீங்க?

— உடைஞ்சிருக்குன்னு வாயால சொல்லியிருந்தா நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன் தம்பி. நாடாவை அவிழ்த்துக்கிட்டு வா.