பெத்த பிள்ளைங்களுக்கு வேண்டாத மேசை

வேணாமாம் தம்பி, வேணாமாம்! ஆர்க்கெல் அண்ட் டோவ் கம்பெனி மேசை, எட்டு நாற்காலியோட சும்மா தர்றேங்கறேன்... பெத்தது ரெண்டும் போன்லயே வேணாம்னுடுச்சுங்க. நீங்க பக்கத்து வீட்டுக்குப் புதுசு, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன? நம்ம விக்கம் ஊர்லயே செஞ்சு லண்டன் பெரிய வீடுங்களுக்குப் போன சாமான் இது. கம்பெனியையே மூடியாச்சு, இனிமே எவன் செய்யப்போறான்? என் மவன் நைஜல் வீட்டுல போய்ப் பாருங்க. அட்டைப்பெட்டியில வந்த பலகையை அவனே திருகி முடுக்கி வச்சிருக்கான். உட்கார்ந்தா கிறீச்சுங்குது!

கொஞ்சம்... கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கோட்டு பட்டன் உரசிடும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், அறுபத்தொண்ணாம் வருஷம் காரு வாங்கறதா மேசை வாங்கறதான்னு வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் லென், 'ஹில்டா, கார் துருப்பிடிச்சுப் போயிடும், இது பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்'னார். நின்னுச்சே! மழையில பஸ்ஸுக்கு நின்ன எங்களைவிட நல்லாவே நின்னுச்சு. அடியில தடவிப் பாருங்க, முத்திரை இருக்கும்... இல்ல இல்ல, கை படவேணாம். நான் சொன்னா நம்புங்க.

ஜன்னல் திரையைத் திறக்கவான்னா கேட்கறீங்க? ஐயோ! வெயில் பட்டா ரோஸ்வுட் வெளுத்துடும். இந்த ஊர்ல ஏது வெயிலுன்னு சிரிக்கறீங்க, அது மரத்துக்குத் தெரியுமா? மேல கம்பளி, அதுக்கு மேல ரப்பர் விரிப்பு, அதுக்கும் மேல துணி. எல்லாம் என் ஏற்பாடு.

கிறிஸ்துமஸ் விருந்தா? இதுலயா? நல்லா கேட்டீங்க! அதெல்லாம் சமையல்கட்டுல. கிரேவி சிந்தினா யாரு துடைக்கிறது? இடம் பத்தாம என் மவ பிரெண்டா மடியில தட்டை வச்சுக்கிட்டுச் சாப்பிடுவா. நைஜல் ஒருதடவை இங்க உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். வாங்கினான் பாருங்க எங்கிட்ட! பேனாவை அழுத்தினா தழும்பு விழாதா?

இப்ப நான் முதியோர் விடுதிக்குப் போகணும். அங்க ஒத்தை அறை. இதை எங்க கொண்டு வைப்பேன்? உங்களுக்காவது... ஓ, உங்களுக்கும் இடமில்லையா. சரி, சரி.

பிரெண்டா என்ன சொன்னா தெரியுமா? 'அம்மா, அந்த ரூமுக்குள்ள வந்தா இப்பவும் கையைப் பின்னால கட்டிக்கறேன்'னா. அம்பத்தெட்டு வயசு அவளுக்கு!

'தொடாதே, தொடாதே'ன்னு சொல்லியே வளர்த்தேன். நான் சொன்னதுல அதுங்க ஒழுங்கா கேட்டது அது ஒண்ணுதான்.